பிளேன்ல ஒரு பேரு, பே ஸ்லிப்ல வேற பேரு

அமெரிக்காவுல உள்ளூர் ஃப்ளைட்ல போயிருந்தீங்கன்னா டிக்கெட்ல கீழ பொடி எழுத்துல "ஆப்பரேட்டட் பை"னு ஒரு வரி இருக்கும். கண்ணுல பட்டிருக்கும், படிச்சிருக்க மாட்டீங்க. பிளேன் உடம்பு பூரா டெல்டா கனெக்‌ஷன், யுனைடெட் எக்ஸ்பிரஸ், அமெரிக்கன் ஈகிள்னு பெயிண்ட் அடிச்சிருக்கும், டிக்கெட் வித்ததும் அவங்க, உள்ள குடுக்குற பிஸ்கட்டும் அவங்க பிஸ்கட், ஆனா முன்னாடி உக்காந்து ஓட்டுறவனுக்கு சம்பளம் போடுறது ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய், பியெஸ்ஏ, எண்டெவர்னு பாதி பேர் கேள்வியே பட்டிருக்காத ஒரு கம்பெனி. இதுக்குப் பேருதான் ரீஜனல் ஏர்லைன். நானும் அப்படி ஒண்ணுலதான் எம்ப்ரேயர் இ-175-ங்கற சின்ன ஜெட் ஓட்டுறேன். எந்த கம்பெனின்னு சொல்லப்போறதில்ல, வேலை வேணும்.

திருச்சியில இருக்குற மாமாவுக்கு இது இன்னும் பிடிபடல. ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் "என்னப்பா, இன்னும் அந்த சின்ன பிளேன்தானா, எப்பதான் பெருசு குடுப்பாங்க, நீ நல்லா ஓட்டுறியா இல்லியா"ன்னு கேப்பாரு. அவர் நினைக்கிறது பேங்க்ல கிளார்க்கா சேந்து நல்லா வேலை பாத்தா ஆபீசர் ஆகுறாங்கல்ல அந்த மாதிரி. இங்க நான் நல்லா ஓட்டுறதுக்கும் என் ப்ரமோஷனுக்கும் கிட்டத்தட்ட ஒரு சம்பந்தமும் கிடையாதுங்கறதை அவருக்கு சொல்லி புரியவைக்க முடியல, அதான் எழுதிடலாம்னு. அதோட "அண்ணா, அமெரிக்கா வந்து பைலட் ஆகலாமா"ன்னு கேட்டு தம்பி தங்கச்சிங்க மெயில் போட்டுக்கிட்டே இருக்காங்க, அவங்களுக்கும் இதுவே பதில்.

முதல்ல காசு எப்படி ஓடுதுன்னு பாப்போம். பெரிய ஏர்லைன், அதாவது நாங்க மெயின்லைன்னு சொல்றது, ரீஜனல் கூட ஒரு கான்ட்ராக்ட் போட்டுக்கும். டிக்கெட் விலை, எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு ஃப்ளைட், எரிபொருள் செலவு எல்லாம் பெரும்பாலும் மெயின்லைன் பாடு. ரீஜனல் பிளேனையும் ஆளையும் குடுத்து ஓட்டிக்காட்டணும், ஓட்டுன ஃப்ளைட்டுக்கு இவ்வளவுன்னு பேசின காசு வரும். சீட் நிரம்புச்சா காலியா போச்சான்னு அவன் கவலைப்பட வேண்டியதில்ல. கேக்க சுகமா இருக்குல்ல? ஆனா வருமானம் பேசி முடிச்ச தொகைங்கறதால லாபம் வேணும்னா செலவைக் குறைச்சாதான் உண்டு, எரிபொருள் அவன் செலவு இல்ல, பிளேன் வாடகை குறைக்க முடியாது, அப்ப மிச்சம் இருக்குறது யாரு? நாங்கதான். கான்ட்ராக்ட் முடியும்போது மெயின்லைன் "உன்னை விட கம்மிக்கு இன்னொருத்தன் ஓட்டுறேங்கறான்"னு ஒரு வார்த்தை சொன்னா போதும், மொத்த கம்பெனியும் ஆடிப்போயிடும். ரொம்ப வருஷம் ரீஜனல் பைலட் சம்பளம் பாதாளத்துல கிடந்ததுக்கு காரணம் இதுதான்.

பிளேன் ஏன் சின்னதாவே இருக்குன்னா அதுக்கும் ஒரு கதை இருக்கு. மெயின்லைன் பைலட் யூனியன் தங்களோட ஒப்பந்தத்துல ஸ்கோப் கிளாஸ்னு ஒரு ஷரத்து வச்சிருக்காங்க. வெளியாளுக்கு குடுக்குற பிளேன்ல 76 சீட்டுக்கு மேல இருக்கக் கூடாது, எடை 86,000 பவுண்டுக்கு மேல போகக் கூடாது, அதுலயும் இத்தனை பிளேனுக்கு மேல கூடாது. அவங்க வேலையை நாங்க கம்மி சம்பளத்துக்கு தின்னுடக் கூடாதுன்னு போட்ட வேலி, அவங்க இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் போட்டிருப்பேன். ஆனா இதோட விளைவு வேடிக்கையா இருக்கும். எம்ப்ரேயர்காரன் இ-175-க்கு புது எஞ்சின் போட்டு எரிபொருள் மிச்சம் பண்ற இ-2 மாடலை செஞ்சான், எடை அந்த வரம்பைத் தாண்டிடுச்சு, அமெரிக்காவுல ஒரு ரீஜனலும் வாங்க முடியல, அதனால பழைய இ-175-ஐயே இன்னமும் இங்க புதுசு புதுசா வாங்கிக்கிட்டு இருக்காங்க. இன்னொரு பக்கம் யுனைடெட் என்ன பண்ணுச்சு, 70 சீட் ஓடுற சிஆர்ஜே-700-ல இருந்து சீட்டைப் பிடுங்கி 50 ஆக்கி, காலியான இடத்துல பெட்டி வைக்க அலமாரி போட்டு, சிஆர்ஜே-550-ன்னு பேர் வச்சு ஓட்டுது. பயணிக்கு வசதிதான், கால் நீட்டி உக்காரலாம். ஆனா அது வசதிக்காக செஞ்சதுன்னு நினைச்சிடாதீங்க, 50 சீட் கணக்குல காட்டத்தான்.

இப்ப நம்பருக்கு வர்றேன். சேர்ந்த அன்னிக்கே கம்பெனி ஒரு சீனியாரிட்டி நம்பர் குடுக்கும், ஒரே நாள்ல ஒரே பேட்ச்ல சேந்தவங்களுக்குள்ள யாரு முன்னாடிங்கறதை வயசை வச்சோ, சோஷியல் செக்யூரிட்டி எண்ணோட கடைசி நாலு இலக்கத்தை வச்சோ முடிவு பண்ணுவாங்க. அவ்வளவுதான், அதுக்கப்புறம் உங்க வாழ்க்கை அந்த நம்பர். எந்த ஊர் பேஸ் (டூட்டி ஆரம்பிக்கிற ஊர்), எந்த பிளேன், மாசத்துல எந்த நாள் லீவு, ராத்திரி ட்ரிப்பா பகல் ட்ரிப்பா, வெக்கேஷன் எப்போ, கேப்டன் அப்கிரேட் எப்போ, எல்லாத்துக்கும் பிட் பண்ணணும், அதாவது வேணும்ங்கறதை எழுதிக் குடுக்கணும், மேல இருக்குறவன் எடுத்தது போக மிச்சம்தான் கீழ இருக்குறவனுக்கு. ஒருத்தன் மழை காத்துல வெண்ணெய் மாதிரி லேண்ட் பண்ணுவான், இன்னொருத்தன் இறக்குனா பயணிக்கு இடுப்பு பிடிச்சுக்கும், ரெண்டாமவன் ஒரு வாரம் முன்னாடி சேந்திருந்தா அவன்தான் முதல்ல கேப்டன், செக் ரைடு, அதாவது ஓட்டிக்காட்டுற பரீட்சை, பாஸ் பண்ணா போதும். கிறிஸ்துமஸுக்கு வீட்ல இருக்கணும்னா என் நம்பருக்கு நடக்காது. பொங்கலுக்கு கேட்டா எப்பவும் கிடைக்கும், ஜனவரி நடுவுல லீவு வேணும்னு இங்க எவனும் அடிச்சுக்கறதில்ல, நம்மாளுங்களுக்கு இதுல ஒரு சின்ன லாபம்.

இந்த நம்பர் கம்பெனி விட்டு கம்பெனி கூட வராது. அதுதான் இந்த தொழிலோட கொடூரமான பகுதி. இருபது வருஷம் கேப்டனா இருந்தவரு வேற ஏர்லைன் போனா அங்க கடைசி ஆள், முதல் வருஷ சம்பளம், ரிசர்வ், அதாவது கூப்பிட்டா ஓடி வரணும்னு காத்திருக்குற வேலை. 2020 ஏப்ரல்ல கொரோனா வந்ததும் காம்பஸ், ட்ரான்ஸ் ஸ்டேட்ஸ்னு ரெண்டு ரீஜனல் மூடிட்டாங்க, அதே வருஷம் யுனைடெட் தன்னோட சின்ன ஜெட் வேலையை கம்யூட்ஏர்கிட்ட குடுத்துட்டு எக்ஸ்பிரஸ்ஜெட்டை விட்டுடுச்சு. அங்க ரொம்ப வருஷம் இருந்து, வீட்டுக்குப் பக்கத்து பேஸ், வாரக்கடைசி லீவுன்னு செட்டில் ஆனவங்க எல்லாம் ஒரே நாள்ல பூஜ்யம். அவங்க ஓட்டுன விதத்துல ஒரு குறையும் கிடையாது. மேல யாரோ ரெண்டு பேர் பேசி முடிச்சுட்டாங்க.

சம்பளக் கணக்கையும் சொல்லிடுறேன், ஏன்னா "மணிக்கு இவ்வளவு டாலரா!"ன்னு வாய பொளக்குறவங்க அந்த மணி எதுங்கறதைக் கேக்கறதில்ல. எங்களுக்கு மீட்டர் ஓட ஆரம்பிக்கிறது பிளேன் கதவை மூடி பார்க்கிங் பிரேக்கை ரிலீஸ் பண்ணும்போது. நிக்கிறது அந்தப் பக்கம் கேட்ல பிரேக் போடும்போது. ஆட்டோக்காரர் கூட வெயிட்டிங் சார்ஜ் கேப்பாரு, எங்களுக்கு அது பெரும்பாலும் கிடையாது. ஒரு சாதாரண நாளை எடுத்துக்குங்க. சிகாகோ ஓஹேர்ல காலைல ரிப்போர்ட் பண்ணி, டெ மாய்ன் போய் திரும்பி வந்து, அப்புறம் மூணு மணி நேரம் டெர்மினல்ல சும்மா உக்காந்து, ஃபார்கோ போய் அங்க ராத்தங்கல். டூட்டி பத்து மணி நேரத்தை ஒட்டி வரும், காசு வர்றது நாலரை மணி நேரத்துக்கு. நடுவுல இருக்குற அந்த மூணு மணி நேரத்துக்குப் பேரு "சிட்". பேருக்கேத்த மாதிரி உக்காந்திருக்கணும், அவ்வளவுதான். நாளுக்கு குறைஞ்சது இத்தனை மணின்னு நல்ல ஒப்பந்தங்கள்ல இப்ப எழுதி வாங்கியிருக்காங்க, மாசத்துக்கு 75 மணி மாதிரி ஒரு கேரண்டியும் உண்டு, வீட்டை விட்டு வெளிய இருக்குற நேரத்துக்கு சாப்பாட்டுக்குன்னு மணிக்கு ரெண்டு டாலர் சொச்சம் தனியா வரும், ஏர்போர்ட்ல ஒரு சாண்ட்விச் பதினாறு டாலர்.

இதுல ஒரு தமாஷ் என்னன்னா கேட்லயே நின்னு ஒரு மணி நேரம் லேட் ஆனா பைசா கிடையாது, அதுவே பிரேக் ரிலீஸ் பண்ணி வெளிய வந்து டீ-ஐசிங் (பனியைக் கழுவுற) வரிசையில ஒரு மணி நேரம் நின்னா முழு சம்பளம். பயணிங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பாங்க, முன்னாடி நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் சந்தோஷமாவே இருப்போம். சொல்லக் கூடாதுதான்.

ஃபார்கோன்னதும் ஞாபகம் வருது. ஜனவரி மாசம், விடிஞ்சும் விடியாத நேரம், மைனஸ் 25 டிகிரி. எஃப்ஓ-வோட (ஃபர்ஸ்ட் ஆபீசர், கேப்டன் பக்கத்துல உக்காருற ரெண்டாவது பைலட்) வேலை வாக்அரவுண்ட், அதாவது டார்ச் எடுத்துக்கிட்டு பிளேனை ஒரு சுத்து சுத்தி வந்து கண்ணால பாக்குறது. மூக்குப் பக்கம் வேகம் அளக்குற பிட்டாட் குழாய் மேல மூடி இருக்கா, டயர்ல வெட்டு இருக்கா, லேண்டிங் கியர்ல எண்ணெய் ஒழுகுதா, எஞ்சினுக்குள்ள பனிக்கட்டி ஏதும் நிக்குதா. ரெக்கை மேல டார்ச் அடிச்சா சர்க்கரை தூவுன மாதிரி மினுக்கும், அது ஃப்ராஸ்ட், அதோட கிளம்பக் கூடாது, ட்ரக்காரனை கூப்பிட்டு ஆரஞ்சு கலர் திரவத்தை சூடா அடிச்சு கழுவணும். முதல் ரெண்டு நிமிஷம் காது வலிக்கும், அப்புறம் காது இருக்கறதே தெரியாது. உள்ள வந்து கையுறையை கழட்டினா பேனா பிடிக்க விரல் மடங்காது, அந்த விரலை வச்சுதான் எஃப்எம்எஸ்-ங்கற பிளேன் கம்ப்யூட்டர்ல ரூட்டை அடிக்கணும். இந்த அரை மணி நேரம் இருக்கு பாருங்க, இதுக்கும் மீட்டர் ஓடல.

சரி, இதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு. வேலைக்கு வர்றதே ஒரு வேலை. நான் இருக்குறது ஒஹாயோல கொலம்பஸ், பேஸ் சிகாகோ. இங்க பைலட்ல கணிசமான பேர் இப்படித்தான், ஒரு ஊர்ல குடும்பம், இன்னொரு ஊர்ல பேஸ், நடுவுல பிளேன்ல ஓசி பயணம். இடம் இருந்தா சீட்டு, இல்லன்னா காக்பிட்டுக்குள்ள ஜம்ப்சீட், அதுவும் சீனியர் ஒருத்தர் வந்துட்டா நாம வெளிய. காலைல டூட்டின்னா முந்தின நாள் சாயங்காலமே போயாகணும், தங்க ஹோட்டல் கம்பெனி தராது, அது உன் பிரச்சினை. அதனால க்ராஷ்பேட். ஏர்போர்ட் பக்கத்துல ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ரூமுக்கு ரெண்டு மூணு பங்க் கட்டில் போட்டு பைலட்டுக்கும் ஃப்ளைட் அட்டெண்டண்ட்டுக்கும் மாச வாடகைக்கு விடுவாங்க. உங்களுக்குன்னு தனி கட்டில்னா கோல்ட் பங்க், அதாவது குளிர்ந்த கட்டில், வாடகை ஜாஸ்தி. யார் முன்னாடி வர்றாங்களோ அவங்களுக்குன்னா ஹாட் பங்க், போர்வையை பையிலயே தூக்கிட்டு அலையணும். நியூயார்க்ல ஜேஎஃப்கே பக்கத்துல க்யூ கார்டன்ஸ்னு ஒரு ஏரியா, இந்த மாதிரி வீடுங்க ஜாஸ்தின்னு அதை க்ரூ கார்டன்ஸ்னே கூப்பிடுவாங்க. எங்க க்ராஷ்பேட் ஃப்ரிட்ஜ்ல ஆளுக்கு அரை தட்டு, என் தட்டுல ஒரு புளிக்காய்ச்சல் டப்பா, அதுல ஸ்டிக்கர்ல "காரம், தொடாதே"ன்னு எழுதி வச்சிருக்கேன், இருந்தும் டெக்சாஸ்காரன் ஒருத்தன் ப்ரெட்ல தடவி தின்னுட்டு நல்லாருக்குன்னான்.

இந்த தூங்காம வேலைக்கு வர்ற விஷயம் ஒரு தடவை நாட்டையே உலுக்குச்சு. 2009 பிப்ரவரி 12, கோல்கன் ஏர் 3407, நியூஆர்க்ல இருந்து பஃபலோ போற டேஷ்-8 க்யூ400. பிளேன் மேல எழுதியிருந்தது கான்டினென்டல் கனெக்‌ஷன். ராத்திரி, இறங்குறதுக்கு கொஞ்சம் முன்னாடி வேகம் குறைஞ்சுக்கிட்டே போனதை ரெண்டு பேரும் கவனிக்கல, ஸ்டிக் ஷேக்கர் கன்ட்ரோலை உதறி எச்சரிக்கை குடுத்ததும் கேப்டன் அதை முன்னாடி தள்ளுறதுக்குப் பதிலா பின்னாடி இழுத்துட்டாரு, ஸ்டால் ஆகி, அதாவது ரெக்கை தூக்குற சக்தியை இழந்து, ஒரு வீட்டு மேல விழுந்துச்சு. உள்ள இருந்த 49 பேரும் போயிட்டாங்க, அந்த வீட்ல ஒருத்தரும். விசாரணையில வெளிய வந்ததுதான் ஜனங்களை அதிர வச்சுது. 24 வயசு எஃப்ஓ பொண்ணு சியாட்டில் பக்கத்துல அப்பா அம்மா வீட்ல இருந்தாங்க, பேஸ் நியூஆர்க், நாட்டோட இந்த மூலையில இருந்து அந்த மூலை. முந்தின ராத்திரி ஃபெட்எக்ஸ் சரக்கு பிளேன்ல மெம்ஃபிஸ் வழியா வந்திருக்காங்க, கேப்டன் ராத்திரி க்ரூ ரூம்லயே கழிச்சிருக்காரு. சம்பளம் என்னன்னு கேட்டதுக்கு வருஷத்துக்கு 16,000 டாலர் வாக்குலன்னு பதில் வந்துச்சு. 16,000! அந்தக் காசுல நியூஆர்க் பக்கம் வாடகைக்கு ஒரு ரூம் எடுத்தா சாப்பாட்டுக்கு என்ன பண்றது? விபத்துக்கு முக்கிய காரணம் கேப்டன் எச்சரிக்கைக்கு தப்பா நடந்துக்கிட்டதுதான்னு விபத்தை விசாரிக்கிற அரசு அமைப்பு என்டிஎஸ்பி எழுதுச்சு, களைப்பும் இருந்திருக்கும், ஆனா எவ்வளவுன்னு சொல்ல முடியலன்னாங்க.

இறந்தவங்க குடும்பங்கள் விடல. வாஷிங்டனுக்கு திரும்பத் திரும்ப போய் நின்னாங்க. 2010-ல சட்டம் வந்துச்சு, 2013 ஆகஸ்ட்ல இருந்து ஏர்லைன்ல எஃப்ஓ-வா சேரவே ஏடிபிங்கற ஏர்லைன் பைலட் லைசென்ஸ் வேணும், அதுக்கு 1500 மணி நேரம் பறந்திருக்கணும்னு ஆச்சு. அதுக்கு முன்னாடி 250 மணி நேர கமர்ஷியல் லைசென்ஸோடயே சேரலாம். ராணுவத்துல இருந்து வந்தா 750, ஏவியேஷன் டிகிரி படிச்சிருந்தா 1000, அசோசியேட் டிகிரின்னா 1250-னு சலுகை உண்டு. 2014 ஜனவரியில டூட்டி விதி பார்ட் 117 வந்துச்சு. டூட்டி எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது, எத்தனை ஃப்ளைட்ங்கறதை வச்சு ஒரு நாளுக்கு 9-ல இருந்து 14 மணி நேரம் வரைக்கும்தான், ரெண்டு டூட்டிக்கு நடுவுல 10 மணி நேர ஓய்வு, அதுல 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு இருக்கணும், வருஷத்துக்கு 1000 மணிக்கு மேல பறக்கக் கூடாது. இது உண்மையிலயே நல்ல விதி. நான் சேந்த காலத்துல இது இருந்துச்சு, இல்லாத காலத்து கதைகளை பழைய கேப்டனுங்க சொல்லக் கேட்டா வயித்தைக் கலக்கும். ஆனா வீட்ல இருந்து பேஸுக்கு வர்ற நேரம் இதுல சேராது. கொலம்பஸ்ல இருந்து மூணு ஃப்ளைட் மாறி வந்தாலும் சட்டப்படி நான் ஓய்வுலதான் இருந்தேன்.

1500 விதியைப் பத்தி இங்க பைலட்டுங்களுக்குள்ள சண்டை ஓயாது. அந்த விபத்துல கேப்டனுக்கு 3000-க்கு மேல, எஃப்ஓ-வுக்கு 2000-க்கு மேல மணி நேரம் இருந்துச்சு, ரெண்டு பேரும் இந்த விதியைத் தாண்டினவங்கதான், அப்புறம் இது எதைத் தடுத்திருக்கும்னு ஒரு கட்சி. இன்னொரு கட்சி, விதி வந்ததுக்கப்புறம்தான் கம்பெனிக்காரன் சம்பளத்தை ஏத்தினான், அது போதும்ங்கறாங்க. நான் ரெண்டாவது கட்சி. பாதுகாப்புக்குன்னு போட்ட விதி பாதுகாப்பை எவ்வளவு கூட்டுச்சுன்னு அடிச்சு சொல்ல எனக்கு தைரியம் இல்ல, ஆனா ஆள் வரத்தை அடைச்சு எங்க சோத்துல கொஞ்சம் நெய் ஊத்துச்சுங்கறது கண்ணால பாத்தது.

எப்படின்னா, 250-க்கும் 1500-க்கும் நடுவுல இருக்குற அந்த மணி நேரத்தை எங்க போய் சம்பாதிக்கிறது? முக்கால்வாசிப் பேர் இன்ஸ்ட்ரக்டர் ஆகி செஸ்னா 172-ல பசங்களுக்கு லேண்டிங் சொல்லிக்குடுப்பாங்க, சிலர் பீச்ல விளம்பர பேனர் இழுப்பாங்க, பைப்லைன் மேல தாழப் பறந்து கசிவு இருக்கான்னு பாப்பாங்க, பாராசூட்ல குதிக்கிறவங்களை மேல ஏத்தி விடுவாங்க. ரெண்டு வருஷம் கிட்ட ஆகும். நான் இன்ஸ்ட்ரக்டரா இருந்தேன், ஸ்டூடண்ட் வந்தாதான் காசு, மேகம் வந்தா ஸ்டூடண்ட் வரமாட்டான். பயிற்சிக்கு ஒரு லட்சம் டாலர் பக்கம் கடன் இருக்கும், வட்டி மேகம் பாத்து நிக்காது. இவ்வளவும் முடிச்சு ரீஜனல் போனா மணிக்கு 20, 25 டாலர்னா எவன் வருவான்? வரல. 2016-ல ரிபப்ளிக் திவால் மனு போட்டப்போ பைலட் பற்றாக்குறையை ஒரு காரணமா சொல்லுச்சு, 2018-ல க்ரேட் லேக்ஸ்னு சின்ன ஊர்களுக்கு ஓட்டிக்கிட்டிருந்த கம்பெனி பறக்கறதையே நிறுத்திடுச்சு.

அப்புறம் கொரோனா. மெயின்லைன்காரங்க செலவு குறைக்க வயசான பைலட்டுங்களுக்கு காசு குடுத்து முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ஜனங்க ரெண்டு வருஷத்துல திரும்பி வந்து குவிஞ்சதும் ஆள் இல்ல, எங்க கிட்ட இருந்து உறிஞ்ச ஆரம்பிச்சாங்க. 2022-ல அது உச்சம். தினமும் யாராவது "டூ வீக்ஸ் நோட்டீஸ்"னு கேக் வெட்டுவாங்க. ஸ்கைவெஸ்ட் 29 சின்ன ஊர்ல இருந்து விலகிக்கறோம்னு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்துச்சு, அமெரிக்கன் டோலிடோ, இத்தாகா, டபூக் எல்லாத்துக்கும் சேவையை நிறுத்துச்சு. பிளேன் இருக்கு, ஓட்ட ஆள் இல்லாம வெயில்ல நிக்குது. அந்த ஜூன்ல அமெரிக்கனோட சொந்த ரீஜனலுங்க என்வாய், பீட்மாண்ட், பியெஸ்ஏ முதல் வருஷ எஃப்ஓ-வுக்கு மணிக்கு 90 டாலர், கேப்டனுக்கு ஆரம்பமே 146-னு அறிவிச்சாங்க, அதுல ஒரு பங்கு தற்காலிக போனஸ்தான், ஆனாலும் மத்தவங்களும் வேற வழியில்லாம பின்னாடியே ஏத்தினாங்க. பத்து வருஷம் யூனியன் கெஞ்சிக் கேட்டு கிடைக்காதது ஒரே கோடையில கிடைச்சுது. அதே வருஷம் ரிபப்ளிக் தன்னோட ட்ரெயினிங் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு 750 மணி போதும்னு விலக்கு கேட்டுச்சு, விமானத் துறை விதி போடுற அரசு அமைப்பு எஃப்ஏஏ முடியாதுன்னுடுச்சு.

நானும் அந்த அலையில மேல போயிருக்க வேண்டிய ஆள்தான். கேப்டன் ஆக பார்ட் 121-ல, அதாவது ஏர்லைன் ஃப்ளைட்ல, எஃப்ஓ-வா 1000 மணி நேரம் வேணும், அந்தக் கணக்கு எனக்கு நெருங்கி வந்த நேரத்துல கேப்டனுங்க எல்லாம் மெயின்லைனுக்குப் போயிட்டதால கேப்டனும் எஃப்ஓ-வும் ஜோடி சேரல. எஃப்ஓ நிறைய, கேப்டன் குறைச்சல், கேப்டன் இல்லாம பிளேன் கிளம்பாது, பிளேன் கிளம்பாம எனக்கு மணி ஏறாது, மணி ஏறாம நான் கேப்டன் ஆக முடியாது. மாசக்கணக்கா ரிசர்வ்ல போனை பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், ரெண்டு மணி நேரத்துல ஏர்போர்ட்ல நிக்கணும்ங்கற தூரத்துல, குளிக்கும்போது கூட போன் சோப்பு டப்பா பக்கத்துல. ஒருவழியா அப்கிரேட் ஆனப்போ 2024. அந்த வருஷம் போயிங் டெலிவரி தாமதம் அது இதுன்னு மெயின்லைன்காரங்க ஆள் எடுக்கறதை சுருக்கிட்டாங்க. இன்ஸ்ட்ரக்டர் பசங்க 1500 முடிச்சுட்டு ரீஜனல்ல க்ளாஸ் டேட், அதாவது ட்ரெயினிங் ஆரம்பிக்கிற தேதி, கிடைக்காம நின்னாங்க. ரிட்டயர்மெண்ட் வயசை 65-ல இருந்து 67 ஆக்கணும்னு ஒரு பேச்சு வேற, 2024 சட்டத்துல அது வரல, வந்திருந்தா எங்க வரிசை இன்னும் ரெண்டு வருஷம் உறைஞ்சிருக்கும். மாமா, நான் ஏன் இன்னும் சின்ன பிளேன்லன்னு கேட்டீங்கல்ல, சியாட்டில் பக்கத்துல போயிங் ஃபேக்டரியில எவனோ போல்ட்டை திருப்பி மாட்டாததும் அதுல ஒரு காரணம்.

ஃப்ளோன்னு ஒண்ணு இருக்கேன்னு கேப்பீங்க. சில ரீஜனல்ல சேந்தா வரிசைப்படி மெயின்லைனுக்கு இண்டர்வியூ இல்லாமலோ, பேருக்கு ஒண்ணு வச்சோ எடுத்துக்கறதா ஒப்பந்தம். நல்ல விஷயம்தான், ஆனா மாசத்துக்கு எத்தனை பேர்ங்கறது மேல இருக்குறவன் கையில. ஆள் தேவைப்பட்டா குழாய் திறக்கும், இல்லன்னா சொட்டும். ரெக்ரூட்டர் போடுற ஸ்லைடுல எப்பவும் திறந்த குழாய்தான் இருக்கும், அதைப் பாத்து வீட்டுக் கடன் வாங்கிடாதீங்க.

இன்னொரு பயம் மெடிக்கல். 40 வயசுக்குள்ள வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஃபர்ஸ்ட் க்ளாஸ் மெடிக்கல் பாஸ் பண்ணணும். சுகர், பீபி கூட சமாளிச்சுடலாம், மனசு சரியில்லன்னு டாக்டர்கிட்ட போறதுக்குத்தான் பயப்படறாங்க. போனா எழுதணும், எழுதினா மாசக்கணக்குல வீட்ல உக்காரணும். அதனால ஹோட்டல் பார்ல ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லிக்கறதோட சரி. இது தனியா எழுத வேண்டிய விஷயம்.

தம்பி தங்கச்சிங்களுக்கு. இந்தியாவுல 200 மணி நேர சிபிஎல் (கமர்ஷியல் லைசென்ஸ்) எடுத்துட்டு வேலை கிடைச்சா நேரா ஏ320-லயோ ஏடிஆர்லயோ உக்காந்துடலாம், வேலை கிடைக்கறதுதான் அங்க பாடு. இங்க அந்த 1500 இருக்கு, அதை விட பெரிய சுவர் விசா. படிக்க எஃப்-1-லயோ எம்-1-லயோ வந்து லைசென்ஸ் எடுக்கலாம், ஆனா ஏர்லைன் வேலைக்கு இங்க நிரந்தரமா வேலை செய்ற உரிமை இருக்கான்னுதான் முதல் கேள்வியே. ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு இ-3 விசா இருந்ததால பற்றாக்குறை காலத்துல ரீஜனலுங்க அவங்களை வரவழைச்சாங்க, இந்திய பாஸ்போர்ட்டுக்கு அந்த மாதிரி வழி கிடையாது. க்ரீன் கார்டோ சிட்டிசன்ஷிப்போ கையில இல்லாம, நிலத்தை அடமானம் வச்சு இங்க ட்ரெயினிங் வந்துட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க. ஏஜெண்ட் இதைச் சொல்ல மாட்டான்.

பேப்பர் எல்லாம் சரியா இருக்கு, 1500-ம் வந்தாச்சு, எந்த ரீஜனல் சேரலாம்னு கேக்குறவங்களுக்கு: போனஸைப் பாக்காதீங்க, பிளேன் எதுன்னு பாக்காதீங்க. எவன் சீக்கிரம் க்ளாஸ் டேட் குடுக்கறானோ அவனைப் பாருங்க, ஒரு வாரம் முந்தினா வாழ்நாள் பூரா முந்தினதுதான். ரெண்டு பேர் ஒரே நேரத்துல குடுத்தா எவனோட பேஸ் உங்க வீட்ல இருந்து கார்ல போற தூரத்துல இருக்கோ அங்க சேருங்க. பேஸ் இல்லாத ஊர்ல இருந்தா வீட்டை மாத்துங்க. நானும் மாத்தப் போறேன், ஏப்ரல்ல பையனோட ஸ்கூல் அட்மிஷனுக்கு சிகாகோ நேபர்வில் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கோம், அங்க நல்ல வாடகை வீடு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.